கழுத்தில் ஒன்றுமில்லை

ஜூலை 3, புதன்

சர்க்கரை டப்பாவில் மறுபடி எறும்பு. மூடியைச் சரியாக மூடாதவள் நான்தான். இந்த வீட்டில் வேறு யாரும் இல்லாததால் திட்டவும் ஆளில்லை.

பதினோரு மணிக்குக் கலைக்கூடத்திலிருந்து மாதங்கி என்ற பெண் வந்தாள். என் கணவர் போய் அடுத்த மாதத்தோடு ஓராண்டு. ஓவியர் தாயுமானவனின் படங்களையெல்லாம் ஓரிடத்தில் வைத்துக் காட்டப் போகிறார்களாம். அவளுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். செருப்பை ஜோடி சேர்த்து விட்டுவிட்டு உள்ளே வந்தாள். அந்த ஒரு காரியத்துக்காக மாடி அறையைத் திறந்துவிட்டேன்.

சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருந்த படத்தையும் புரட்டிவிட்டாள். தூசு படியக் கூடாது என்றுதான் அதைத் திருப்பி வைத்திருந்தேன்.

பின்னால் இவர் கையெழுத்தில் ‘தூண்டா விளக்கு, 1974’ என்று இருக்கிறது. இருண்ட அறை. தரையில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். முதுகு நம் பக்கம். உடம்பில் துணியில்லை. முகத்தை அப்பால் திருப்பியிருக்கிறாள். கன்னத்தின் ஓரம் மட்டும் தெரிகிறது. விளக்கு என்று எதையும் இவர் வரையவில்லை. ஆனாலும் அவள்மேல் வெளிச்சம் இருக்கிறது.

மாதங்கி தரையில் அமர்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். காபி ஆறிப்போனது.

“மேடம், இந்த வெளிச்சம் எங்கேருந்து வருது?”

“நீங்கதான் படிச்சவங்க. சொல்லுங்க.”

ஐரோப்பாவில் சிம்பாலிஸ்டுகள் என்று ஒரு கூட்டம் இருந்ததாம். கண்ணுக்குத் தெரிவதை வரைவது போதாது, தெரியாததை வரைய வேண்டும் என்பார்களாம். மௌனம், கனவு, ஒருவர்மேல் ஒருவர் வைத்த ஆசை. அப்படி வரையத் தெரிந்த ஒருவர் இந்த ஊரில் இருந்திருக்கிறார், யாருக்கும் தெரியவில்லை என்றாள். எங்கள் கான்வென்ட் நூலகத்தில் அப்படி ஒரு படப் புத்தகம் இருந்தது. துணியில்லாத பக்கங்களையெல்லாம் மதர் பெலிசிட்டி பசை தடவி ஒட்டிவைத்திருந்தார். புத்தகத்தில் பாதி ஒட்டித்தான் இருந்தது. அதை இவளிடம் சொல்லவில்லை.

படத்தைக் கண்காட்சிக்குத் தரச் சம்மதித்தேன். வெளிச்சத்தைப் பற்றி முதலில் கேட்டாளே, அதனால் இருக்கலாம்.

ஜூலை 5, வெள்ளி

வேனில் வந்து எடுத்துப் போனார்கள். பிளாஸ்டிக் சுற்றப் பார்த்தார்கள். எண்ணெய் வண்ணம், வேர்க்கும் என்று சொல்லி என் பழைய சுங்கடிப் புடவைகளில் இரண்டைக் கொடுத்தேன்.

மாடியில் அந்த இடம் மட்டும் சுவர் வெளுப்பாக இருக்கிறது. ஆள் கூப்பிட்டுச் சுண்ணாம்பு அடிக்கச் சொல்ல வேண்டும்.

ஜூலை 9, செவ்வாய்

மாதங்கி தொலைபேசியில் கூப்பிட்டாள். படத்துக்குப் பக்கத்தில் ஒட்டப்போகும் குறிப்பைப் படித்துக் காட்டினாள். நினைவிலிருந்து எழுதுகிறேன்: ‘நள்ளிரவின் ரகசிய ஒளி. இடுப்பைச் சுற்றி ஓடும் செந்நிறக் கோடு, சமூகம் பெண்மேல் கட்டிய கயிற்றின் குறியீடு. திரும்பிய முகத்தில் பிரிவின் ஏக்கம். ஓவியக் கல்லூரி மாடல் செங்கேணி, ஓவியர் உலகுக்கு மறைத்த காதல்.’

“யார் சொன்னாங்க, செங்கேணின்னு?”

“அவரோட பழைய ஸ்டூடண்ட்ஸ் நாலு பேர்கிட்ட கேட்டேன் ஆன்ட்டி. அந்தக் காலத்துல அவர் சொல்லிக்கொடுத்த காலேஜ்ல துணியில்லாம மாடலா உக்கார்ந்தது அவங்க ஒருத்தர்தான். அதோட, படத்துல கழுத்துல ஒண்ணும் இல்லையே. கல்யாணமான பொண்ணு தாலியக் கழட்டிட்டு உக்காருவாளா? உங்க குடும்பம் எவ்வளவு கண்டிப்பானதுன்னு எல்லாரும் சொன்னாங்க. உங்களுக்கு வருத்தமா இருக்கும், தெரியும். ஆனா இந்த லைட்டப் பாருங்க. காதலிக்காத ஒருத்தியை இப்படி வரைய முடியாது.”

என்னை ஆன்ட்டி என்று கூப்பிட வேண்டாம் என்றேன். ‘செந்நிறக்’ என்பதைச் ‘சிவந்த’ என்று மாற்றலாம் என்றேன். வைத்துவிட்டேன்.

நள்ளிரவாம். கண் இருப்பவர் யாரும் இதை இரவு என்று சொல்ல மாட்டார்கள். விளக்கு வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து விழும், மஞ்சளாக இருக்கும். இது கீழேயிருந்து எழுகிறது. பிற்பகல் வெயில் பக்கத்து வீட்டு வெள்ளைச் சுவரில் பட்டு, ஜன்னல் பலகைகளின் சந்து வழியாக வந்து, தரையில் விரித்த வெள்ளைப் போர்வையில் விழுந்து, அதிலிருந்து உடம்புக்கு ஏறுகிறது. அதனால்தான் முழங்கைக்கு அடியிலும் நிழல் இல்லை. அந்தத் திரும்பிய முகத்தில் ஏக்கமும் இல்லை. அந்தப் பக்கம் கடிகாரம் மாட்டியிருந்தது. நாலு மணிக்குப் பள்ளிக்கூட ரிக்‌ஷா வந்துவிடும்.

அப்படி இருக்கலாம் என்கிறேன்.

ஜூலை 10, புதன்

நார்த்தங்காய் நறுக்கினேன். விரலையும்.

ஜூலை 12, வெள்ளி

கோயம்புத்தூரிலிருந்து மகள் உமையாள் தொலைபேசியில். செய்தி அவளுக்கு எப்படியோ போய்விட்டது. கலைக்கூடத்தின் விளம்பரத்தில் போட்டிருக்கிறார்களாம்.

“அம்மா, நீ எப்படிம்மா இத்தன வருஷம் தாங்கின?”

“எதை?”

“எங்கிட்ட நடிக்காதம்மா. அப்பா இப்படிச் செய்வார்னு நான் நினைக்கவே இல்ல. அவர் போட்டோவ ஹால்லேருந்து எடுத்துட்டேன்.”

“திரும்ப மாட்டு.”

“நீ பாவம்மா.”

எண்பது வயதில் என்னை யாரும் பாவம் என்றதில்லை. இவர் இறந்த அன்றுகூட அதற்கு இடம் வைக்கவில்லை. வந்தவர்களுக்கு மோர் கொடுத்து, நேரம் சொல்லி, வரிசையாக உட்காரவைத்தேன்.

ஒன்றை மட்டும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். நான்கு மாணவர்கள், மாதங்கி, நான் பெற்ற மகள். அந்தப் படத்தை ஆறு பேர் பார்த்திருக்கிறார்கள். இப்படி ஒரு வெளிச்சம் விழுந்த பெண் யாராக இருக்கலாம் என்று ஆறு பேரும் யோசித்திருக்கிறார்கள். ஒருவருக்குக்கூட ஒரு பெயர் தோன்றவில்லை.

தோன்ற வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவர்கள் கவனக் குறைவைச் சொல்கிறேன்.

ஜூலை 15, திங்கள்

மழை தூறியது. கொடியிலிருந்த துணியை எடுத்துக்கொண்டிருந்தபோது வாசலில் ஒரு பெண். ஐம்பத்தைந்து வயது. தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு நின்றாள். பெயர் கஸ்தூரி. புளியந்தோப்பில் தையல் கடை வைத்திருக்கிறாளாம். செங்கேணியின் மகள்.

உட்காரச் சொன்னேன். ஈரப் புடவையோடு நாற்காலியில் உட்காரத் தயங்கினாள். துண்டு கொடுத்தேன்.

“எங்கம்மா பூட்ச்சுமா. ஒம்பது வருஷம் ஆவுது. அது காலேஜ்ல துணி இல்லாம உக்காந்துச்சு, அத நாங்க மறைக்கல. எங்க தெருவுக்கே தெரியும். ‘பசங்க படிக்கிறதுக்கு உக்கார்றேன், டாக்டர் படிக்கிற பசங்க பொணத்தப் பாக்குறதில்லையா’ன்னு கேக்கும். யாரும் வாயத் தொறக்க மாட்டாங்க.”

“தெரியும். சாரே சொல்லியிருக்கார்.”

“ஆனா யார் வூட்டுக்கும் அது போவல. எத்தினி பேரு கூப்டாங்க. வாத்தியாருங்க, பெரிய மனுசங்க. ‘காலேஜ் மணி அடிச்சா ஏறுவேன், மணி அடிச்சா எறங்குவேன்’னு சொல்லிடும். அதாம்மா அதோட கௌரவம். இப்ப ராவுல சாரு வூட்டுக்குப் போச்சுன்னு எய்தி ஒட்டப் போறாங்களாம். எம் பேத்திக்கு ஸ்கூல்ல எவனோ போன்ல காமிச்சிருக்கான். எங்கம்மா பேர எடுக்கச் சொல்லுங்கம்மா. நீங்க சொன்னா கேப்பாங்க.”

சொல்கிறேன் என்றேன்.

“அது யாருன்னு உங்களுக்குத் தெரியுமாம்மா?”

காபி கொண்டுவர உள்ளே போனேன். பாலைக் காய்ச்ச வேண்டியதற்கு மேல் நேரம் எடுத்துக்கொண்டேன். திரும்பி வந்தபோது அவள் அதைக் கேட்கவில்லை. குடித்துவிட்டு டம்ளரைத் தானே கழுவி வைத்தாள். போகும்போது வாசலில் நின்று, “எங்கம்மாவ சாரு ‘வாங்க’ன்னுதான் கூப்புடுவாராம். மத்தவங்க எல்லாம் ‘வா’” என்றாள்.

ஜூலை 16, செவ்வாய்

மாதங்கியிடம் பேசினேன். நிச்சயமில்லாததை எழுதுவது தவறு, அந்தப் பெயரை நீக்க வேண்டும் என்றேன்.

“நிச்சயமில்லன்னு எப்படிச் சொல்றீங்கம்மா?”

“எனக்குத் தெரியும்.”

“வேற யார்னு சொல்லுங்க, மாத்திடறேன். பேர் இல்லாம விட்டாலும் ஜனங்க அவங்க பேரைத்தான் சொல்லுவாங்க. வெளிய போயாச்சு.”

அவள் சொன்னது சரி. அதுதான் எரிச்சல். இன்று வேறு எழுதவில்லை.

ஜூலை 17, புதன்

கான்வென்ட் விடுதியில் நாங்கள் எழுதும் கடிதங்களையெல்லாம் மதர் பெலிசிட்டி படித்துத்தான் அனுப்புவார். அவருக்குத் தமிழ் தெரியாது. நாட்குறிப்பைத் தமிழில் எழுதும் பழக்கம் எனக்கு அப்படித்தான் வந்தது. ஆகவே எழுதலாம்.

அந்த விடுதியில் குளிப்பதற்குக் கணுக்கால்வரை தொங்கும் ஓர் அங்கி உண்டு. அதைப் போட்டுக்கொண்டேதான் தண்ணீர் ஊற்றிக்கொள்ள வேண்டும். துவட்டுவது, உடை மாற்றுவது எல்லாம் இன்னோர் அங்கிக்குள். எட்டு வயதிலிருந்து பதினேழுவரை. கைகளுக்குக் கூடாரத்துக்குள் வேலை செய்யத் தெரிந்துவிட்டது, கண்களுக்கு வேலையில்லை. கல்யாணத்துக்குப் பிறகும் அப்படியே. விளக்கை அணைத்த பிறகுதான் எதுவும். இவர் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. ஓவியர் வீட்டில் எதையும் பார்க்கத் தெரியாத ஒரு பெண் இருந்தாள். அவ்வளவுதான்.

படம் வரைந்த ஆண்டு ஜூன் மாதம் எனக்கு மார்பில் ஒரு கட்டி வந்தது, இடப்பக்கம். அறுத்து எடுத்துவிட வேண்டியிருக்கலாம் என்றார்கள். சோதனை முடிவு வர நாளாகும். ஆஸ்பத்திரியிலிருந்து பஸ்ஸில் திரும்பினோம். மறுநாள் நான்தான் கேட்டேன்: போவதற்கு முன்னால் ஒரு தடவை வரைந்து வைத்துக்கொள்ள வேண்டாமா என்று. கேட்டவள் நான். பிறகு மாட்டேன் என்று அடம்பிடித்தவளும் நான். ஒரு மணி நேரம் வாதாடினேன், என்னோடு நானே. இவர் தூரிகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். கடைசியில் முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்தேன்.

மேல்பூச்சாக வெள்ளையை வைக்க மாட்டார். அடியில் வெள்ளை, அதன்மேல் தண்ணீர்போல் மெல்லிய வண்ணம், காய விட்டு இன்னொன்று, இன்னொன்று. வெளிச்சம் எல்லாவற்றையும் கடந்து உள்ளே போய்த் திரும்பி வர வேண்டும் என்பார். அதற்குப் பொறுமை வேண்டும். முடிவு வந்து, கட்டி ஒன்றும் செய்யாது என்று தெரிந்த பிறகும் உட்கார்ந்தேன். மழைக்காலம்வரை, பிற்பகல்களில். அந்தப் பகுதியை நான் யாரிடமும் சொன்னதில்லை. பயத்தில் உட்கார்ந்தேன் என்றால் புரிந்துகொள்வார்கள். பயம் போன பிறகு எதற்கு உட்கார்ந்தேன்?

இனி தாலி. முதல் நாளே தங்கம் பளிச்சென்று அடித்தது. கண் அங்கேதான் போகும். ஒரு படத்துக்குள் இரண்டு வெளிச்சம் ஆகாது. இவர் சொல்லவில்லை. முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். தாலிக்கு மாதங்கி சொன்ன அந்த வினைச்சொல்லையே எங்கள் பக்கத்தில் வாயால் சொல்ல மாட்டார்கள். சரடு மாற்றும்போதுகூட மஞ்சள் துண்டு கட்டிய கயிற்றைக் கழுத்தில் போட்டுக்கொண்ட பிறகுதான் பழையதை எடுப்போம். நான் எடுத்துவிட்டேன். எடுத்தபின் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மேசையெல்லாம் டர்பன்டைன். தரையில் வைக்கக் கூடாது. ஜன்னலில் காக்கை. சுத்தமான இடம் ஒன்றுதான் இருந்தது. இவர் கழுத்தில் போட்டேன்.

ஒவ்வொரு பிற்பகலும் அப்படித்தான். அதை அணிந்துகொண்டுதான் வரைந்தார். ஒரு நாள் ரிஜிஸ்டர் தபால் வந்து மணி அடித்தது. வண்ணக் கையோடு அப்படியே வாசலுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். தபால்காரர் கண் இவர் கழுத்திலேயே இருந்ததாம். மறுநாளிலிருந்து எங்கள் வீட்டுத் தபாலை மட்டும் கேட்டுக்கு வெளியே நின்றே போட்டார்.

யாருக்கும் காட்டக் கூடாது என்று கேட்டுக்கொண்டேன். காட்டவில்லை. இவருடைய படங்களில் இதற்கு மிஞ்சியது கிடையாது. அது எங்கள் இருவருக்கும் தெரியும். ஐம்பது ஆண்டுகள் அதைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் காட்டினார்.

மாத்திரை போட மறந்துவிட்டேன்.

ஜூலை 18, வியாழன்

ஆட்டோ பிடித்துக் கலைக்கூடத்துக்குப் போனேன். படம் சுவரில் ஏறியிருந்தது. மாதங்கி நாற்காலி கொண்டுவரச் சொன்னாள். நின்றுகொண்டே பேசினேன்.

“அது நான்.”

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “அம்மா, நீங்க அவரைக் காப்பாத்த வேண்டியதில்ல.”

இதை நான் எதிர்பார்க்கவில்லை. பொய் சொன்னால்தான் நம்ப மாட்டார்கள் என்று மதர் சொல்லியிருந்தார்.

“கையை விடு. அந்தச் சிவப்புக் கோட்டைப் பாரு. என்னமோ கயிறு, குறியீடுன்னு எழுதியிருக்கியே.”

“ஆமாம்மா.”

“நீ பாவாடை கட்டறதில்லையா?”

பார்த்தாள். தன் இடுப்பில் கை வைத்தாள்.

“நாடாத் தடம்” என்றாள் மெதுவாக.

“செங்கேணி உட்கார்ற நாள்ல காலையிலிருந்தே நாடாவைத் தளர்த்திக் கட்டிட்டு வருவாங்க. தடம் விழுந்தா பசங்க அதையும் வரைவாங்கன்னு. காலேஜ்ல இருக்கற அவங்க படம் எல்லாத்தையும் எடுத்துப் பாரு, ஒண்ணுலயாவது இந்தக் கோடு இருக்கான்னு. அவங்க தொழில் தெரிஞ்சவங்க. இவளுக்குத் தெரியாது. இவ அப்பதான் அவுத்தா. ஒரு மணி நேரம் அவுக்க மாட்டேன்னு வாதாடிட்டு அவுத்தா.”

மாதங்கி கணினியில் அந்தப் பழைய கோட்டுப்படங்கள் பதினைந்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எதிலும் கோடு இல்லை. நிமிர்ந்து படத்தைப் பார்க்கப் போனவள், பாதியில் நிறுத்தி என்னைப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை.

“அப்போ தாலி?”

“அவர் கழுத்துல இருந்துது.”

தபால்காரரையும் சொன்னேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தவளுக்கு நிறுத்தத் தெரியவில்லை. ஆணி அடிக்கும் ஆள் ஏணியிலிருந்து எட்டிப் பார்த்தான். நானும் கொஞ்சம் சிரித்திருப்பேன்.

“இதை எழுதலாமா?”

“கூடாது. பேரை எழுது, போதும். இரவுங்கறதை எடு.”

ஜூலை 20, சனி

புதிய குறிப்பு வந்தது. ‘ஞானாம்பிகை, ஓவியரின் மனைவி, அவர் வாழ்வின் அணையா விளக்கு’ என்று எழுதியிருந்தாள். கடைசி நான்கு வார்த்தைகளையும் அடித்தேன். ‘ஓவியரின் மனைவி’ என்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அதையும் அடித்தேன். ‘ஞானாம்பிகை. பகல் வெளிச்சம்.’ அடுத்த அறையில் செங்கேணியின் கோட்டுப்படங்கள் பதினைந்தும் வர வேண்டும், ஒவ்வொன்றின் கீழும் பெயர் இருக்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டேன்.

கஸ்தூரிக்குத் தொலைபேசியில் சொன்னேன். தையல் மிஷினை நிறுத்தினாள். பிறகு, “அன்னிக்குக் காபி போட உள்ள போனீங்களே, அப்பவே நெனச்சேம்மா” என்றாள்.

உமையாளிடமும் சொன்னேன்.

“நான் எங்கம்மா இருந்தேன் அப்போ?”

“ஸ்கூல்ல. ஏழாம் வாய்ப்பாடு தெரியாம வெளிய நின்னுட்டிருந்த.”

“ஏம்மா எங்கிட்ட சொல்லல?”

“நீ கேக்கல. பாவம்னு சொன்ன.”

அழுதாள். அவள் அப்பாவின் போட்டோ இருந்த ஆணி கழன்றுவிட்டதாம், புது ஆணி அடிக்கிறாளாம். நேராக இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன்.

ஜூலை 27, சனி

இன்று திறப்பு.

மாம்பழ மஞ்சள் பட்டு. உமையாள் நேற்றே வந்துவிட்டாள். கஸ்தூரி பேத்தியோடு வந்திருந்தாள். முதலில் அம்மாவின் அறைக்குப் போய் ஒவ்வொரு படத்தின் கீழும் இருந்த பெயரை அந்தப் பெண்ணை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டாள்.

படத்தின்மேல் மூன்று மின்விளக்குகளைத் திருப்பி வைத்திருந்தார்கள். தோல் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. மூன்றையும் அணைக்கச் சொன்னேன். இருட்டில் என்ன தெரியும் என்றார் ஒருவர். அணைத்த பிறகு ஓரடி முன்னால் வந்தார். கொஞ்சம் கொஞ்சமாக அது எழுந்துவந்தது, முழங்கை, தோள், பின்கழுத்து என்று.

எனக்கு முன்வரிசையில் நடுநாற்காலி, படத்துக்கு நேர் எதிரே. மற்றவர்கள் எல்லாரும் எனக்குப் பின்னால். மாதங்கி பேசினாள். சிவப்புக் கோடு என்ன என்று சொன்னபோது பெண்கள் பக்கம் சிரிப்பு எழுந்தது. பிறகு பெயரைச் சொன்னாள். படத்தில் முதுகு, நாற்காலியில் முதுகு. எல்லாரும் இரண்டையும் மாறி மாறிப் பார்க்கிறார்கள் என்று திரும்பாமலே தெரிந்தது. பின்கழுத்தில் ஊசிபோல் உணர்ந்தேன். நாலு மணிக்கு யாரும் வரப்போவதில்லை, எழுந்து போகக் காரணமும் இல்லை. முந்தானையை இழுத்துத் தோளைச் சுற்றிக்கொள்ளக் கை போனது.

பின்வரிசையிலிருந்து கஸ்தூரியின் குரல், மெதுவாக.

“அப்படியே இருங்கம்மா.”

இருந்தேன்.